உப்பளப் பாத்தியில் நடப்பதை எந்தப் பெயரில் எழுதுவது?

கேட்டவர் கெமிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு மாணவர். ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் உப்பளத்தையும் மண்டபம் பக்கத்துக் கடற்பாசித் தொழிலையும் பார்த்துவிட்டு அறிக்கை எழுதுகிறார். பாத்தியில் நடப்பதை ‘ஆவியாக்கம்’ என்று எழுதியிருக்கிறார். ஆசிரியர் அதை அடித்துவிட்டு ‘படிகமாக்கம்’ என்று திருத்தியிருக்கிறார். கூடப் படிக்கிறவரோ ‘வெயிலில் காய்கிறது, அப்படியானால் உலர்த்தல்’ என்கிறார். எது சரி, யூனிட் ஆபரேஷன்களுக்கு (ஒரு தொழிலைப் பிரித்தால் கிடைக்கும் அடிப்படைச் செயல்களுக்கு) பெயர் வைக்கவும் வகை பிரிக்கவும் எதைப் பிடித்துக்கொள்வது என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் எழுதியதும் சரி, ஆசிரியர் எழுதியதும் சரி. ஆனால் இரண்டும் வேறு வேறு பாத்திக்குப் பொருந்தும் பெயர்கள். உலர்த்தல் பாத்தியில் நடப்பதே இல்லை. உப்பை வாரி அம்பாரம் கட்டிய பிறகுதான் அது வருகிறது. உப்பளம் முழுவதையும் ஒரே கட்டத்துக்குள் போட்டு ஒரே பெயர் கேட்டதால்தான் மூன்று பேருக்கும் வழக்கு வந்தது.

பெயர் வைக்கும்போது கருவியைப் பார்க்காதீர்கள், விளையும் சரக்கையும் பார்க்காதீர்கள். எந்தப் பொருள் நகர்கிறது? திடம், திரவம், வாயு இவற்றில் எதிலிருந்து எதற்கு நகர்கிறது? அதைத் தள்ளுவது எது: வெப்பநிலை வேறுபாடா, செறிவு வேறுபாடா, அழுத்தமா, எடையா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பெயர் தானாக வரும். இவற்றுக்கு முன்பாகவே கேட்க வேண்டியது இன்னொன்று உண்டு: மூலக்கூறு மாறுகிறதா? மாறினால் அது வேதிவினை. யூனிட் ஆபரேஷன் பட்டியலில் அதற்கு இடமில்லை. அந்த எல்லை எங்கே குழம்புகிறது என்பதைப் பாசிக்கு வரும்போது சொல்கிறேன்.

இப்போது உப்பளம். மாரியூர்–வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் 1974 முதல் இருக்கிறது. அதைச் சுற்றித் தனியார் அளங்களும் உண்டு. எல்லா இடத்திலும் முறை ஒன்றுதான். கடல்நீர் ஏறக்குறைய 3.5 டிகிரியில் உள்ளே வருகிறது. அளத்தில் டிகிரி என்றால் வெப்பநிலை அல்ல, பாமே மிதவைமானி காட்டும் அடர்த்தி. அறிக்கையில் இதைத் தெளிவாக எழுதுங்கள். ‘25 டிகிரியில் உப்பு விழும்’ என்ற வரியைச் செல்சியஸ் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடுவார்கள்.

தேக்கத்திலிருந்து பாத்தி பாத்தியாக நீர் நகர நகர டிகிரி ஏறுகிறது. முதலில் கால்சியம் கார்பனேட் கொஞ்சம் படியும். 13, 14 டிகிரி வாக்கில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) விழத் தொடங்கி, பாத்தித் தரையில் ஓடு போலக் கட்டும். 25 டிகிரியைத் தாண்டியதும் சாப்பாட்டு உப்பு விழுகிறது. அந்த நேரத்தில் நீரின் கன அளவு முதலில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அளத்தின் மொத்தப் பரப்பில் உப்பு விளையும் பாத்திகள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக அமைவதற்கும் அடிப்படை இதுதான். 29, 30 டிகிரியில் மிச்ச நீரை, அதாவது கசப்பு நீரை, வெளியே விட்டுவிட வேண்டும். அதற்குள் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் விழுந்திருக்கும். இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே என்று நிறுத்திவைத்தால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து விழும். உப்பு கசக்கும், கையில் பிசுபிசுக்கும், மூட்டையில் நீர் விடும்.

ஆகவே 3.5 முதல் 25 வரையுள்ள பாத்திகளுக்குச் ‘செறிவூட்டும் ஆவியாக்கம்’ என்று எழுதுங்கள். அங்கே நோக்கம் தண்ணீரை வெளியேற்றுவது. கார்பனேட்டும் ஜிப்சமும் விழுவது உடன் நிகழ்வு. 25 முதல் 30 வரையுள்ள பாத்திகளுக்குப் ‘படிகமாக்கம்’. அங்கேயும் தண்ணீர் ஆவியாகத்தான் செய்கிறது. ஆனால் நமக்கு வேண்டியது கரைசலிலிருந்து திடத்துக்கு உப்பு நகர்வது. அந்த நகர்வைத் தள்ளுவது மிகைச்செறிவு, அதாவது நீர் தாங்கும் எல்லைக்கு மேல் உப்பு கரைந்திருப்பது. அந்த மிகைச்செறிவை உண்டாக்கும் வழி ஆவியாதல். ‘ஆவியாக்கப் படிகமாக்கம்’ என்று முழுப் பெயர் எழுதினால் ஆசிரியர் மறுக்க வழியில்லை. குளிர வைத்துப் படிகமாக்கும் முறை சாப்பாட்டு உப்புக்கு உதவாது. அதன் கரைதிறன் வெப்பநிலையோடு மிகக் குறைவாகவே மாறுகிறது. இந்தக் காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பாடத்தில் ஆவியாக்கம் என்ற அத்தியாயத்தில் வருவது கொதிப்பு: நீராவி கொடுத்து, குழாய்ச் சுவர் வழியே வெப்பம் போய், கரைசல் கொதித்து ஆவி பிரிகிறது. அங்கே வேகத்தை முடிவு செய்வது வெப்பக் கடத்தல். பாத்தியில் எதுவும் கொதிக்கவில்லை. நீர்ப்பரப்பிலிருந்து ஆவி, மேலே ஓடும் காற்றுக்குள் பரவுகிறது. அதைத் தள்ளுவது நீர்ப்பரப்பின் ஆவியழுத்தத்துக்கும் காற்றிலுள்ள ஆவியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். வெயில் வெப்பம் தருகிறது, காற்று ஆவியை அள்ளிப்போகிறது. வெப்பமும் பொருளும் ஒரே நேரத்தில் நகர்கின்றன. இயங்கும் விதத்தைப் பார்த்தால் பாத்திக்கு நெருங்கிய உறவு, சூடான நீரைக் காற்றில் ஆறவிடும் கூலிங் டவர்தான், கொதிகலன் அல்ல. ஈரப்பதமூட்டல் என்ற அத்தியாயத்தில் உள்ள சமன்பாடுகள்தான் இங்கே பொருந்தும். கொதிப்பு ஆவியாக்கத்தின் சூத்திரத்தைப் பாத்திக்குப் போட்டால் விடை ஒரு அர்த்தமும் தராது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. சாப்பாட்டு உப்பு நிறைசெறிவில் (இனிக் கரையாது என்ற அளவுக்கு) கரைந்த நீரின் ஆவியழுத்தம், நல்ல தண்ணீரின் ஆவியழுத்தத்தில் 75 சதவீதம்தான். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதம், நீரும் காற்றும் ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீருக்குத் தள்ளுவிசை 100 கழித்தல் 60, அதாவது 40 பங்கு. செறிந்த உப்புநீருக்கு 75 கழித்தல் 60, வெறும் 15 பங்கு. அதே வெயில், அதே காற்று. வேகம் பாதிக்கும் கீழே போய்விட்டது. வானிலை நிலையத்து ஆவியளவுத் தொட்டியின் எண்ணை அப்படியே எடுத்துப் பாத்திக்குக் கணக்குப் போடுகிறவர்கள் தவறுவது இங்கேதான். ஈரப்பதம் 75ஐத் தொட்டால், வெயில் நீரைக் காற்றைவிடச் சூடாக்கி வைத்திருந்தால்தான் எதுவும் ஆவியாகும். கடற்கரையில் இரவு ஈரப்பதம் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். கச்சான் (மேல்காற்று) வறட்சியாக அடிக்கும் மாதங்களில் விளைச்சல் ஏறுவதும், ஐப்பசி வாடை வந்தால் அளம் முடங்குவதும் இந்த ஒரே கணக்குக்குள் வருகின்றன. மழை பாத்தியைக் கரைப்பது அதற்கு மேல்.

கடல்நீரை ஏன் அடுப்பில் காய்ச்சக்கூடாது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரு கிலோ உப்பு எடுக்க நாற்பது கிலோவுக்கு மேல் தண்ணீரைப் போக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,300 கிலோஜூல். மொத்தம் 90 மெகாஜூலைத் தாண்டுகிறது. ஒரு கிலோ காய்ந்த விறகு தருவது 15 மெகாஜூல் அளவு. அடுப்பில் பாதி வெப்பம் வீணாவதையும் சேர்த்தால், ஒரு கிலோ உப்புக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் விறகு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்க முடிகிறதென்றால், அதில் சர்க்கரை பத்து, பன்னிரண்டு சதவீதம் இருப்பதாலும் சரக்கின் விலை கூடுதல் என்பதாலும்தான்.

வாரிய உப்பு அம்பாரத்துக்குப் போனதும் முதலில் நடப்பது வடிதல். படிகங்களுக்கு இடையில் நிற்கும் கசப்பு நீர் தன் எடையால் கீழே இறங்குகிறது. இது இயந்திரவியல் பிரிப்பு; வெப்பமும் வேண்டாம், ஆவியாதலும் வேண்டாம். வடிந்தது போக ஒட்டியிருக்கும் ஈரம் காற்றுக்குப் போவதுதான் உலர்த்தல். இரண்டையும் பிரித்து எழுதுவது முக்கியம். காரணம் தரத்தில் இருக்கிறது. வடிதலில் நீரோடு மெக்னீசியமும் வெளியேறுகிறது. உலர்த்தலில் நீர் மட்டும் போய், மெக்னீசியம் உப்பிலேயே தங்குகிறது. சரியாக வடியாத உப்பை வெயிலில் எவ்வளவு காயவைத்தாலும் அடுத்த ஈரக்காற்றில் மறுபடி கசியும். அம்பாரத்தின் அடியில் வடிகால் விடாமல் தார்ப்பாய் விரித்து மூடுவது அதனால்தான் கெடுதல்.

கழுவுசாலை வைத்திருக்கும் இடங்களில் உப்பை நிறைசெறிவு உப்புநீரால் கழுவுகிறார்கள். இதைக் ‘கரைத்தெடுத்தல்’ (வேண்டிய பொருளைக் கரைப்பானில் கரைத்து வெளியே எடுப்பது) என்று எழுதப் பலருக்குக் கை போகும். நீர் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் உப்பு அதில் கரையாது. ஒட்டியிருக்கும் கசப்பு நீர் இடம்பெயர்ந்து நீர்க்கிறது, நுண்ணிய ஜிப்சமும் களிமண்ணும் அடித்துச் செல்லப்படுகின்றன. ஆகவே ‘கழுவுதல்’ என்பதே பெயர். வடிகட்டலோடு சேர்ந்த துணைச் செயல். பின்பு சென்ட்ரிபியூஜ். இங்கே கருவியின் பெயரையே ஆபரேஷனாக எழுதிவிடுகிறார்கள். துளையுள்ள கூடையில் உப்பு நின்று நீர் வெளியேறினால் அது மையவிலக்கு வடிகட்டல். துளையில்லாத கிண்ணத்தில் கனமானது சுவரில் படிந்தால் மையவிலக்கு வண்டலாக்கம். இரண்டுக்கும் கணக்கு வேறு: முதலாவதில் உப்புப் படுகையின் ஊடுருவுதிறன், இரண்டாவதில் துகள் விழும் வேகம். ஒரே கருவிப் பெயர் இரண்டு ஆபரேஷன்களை மறைப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

இனி வகைப்பாடு. கடத்தப்படுவது எது என்பதைப் பிடித்தால் மூன்று பெரிய குடும்பங்கள் வருகின்றன. உந்தம் (ஓடும் பொருளின் இயக்கம்) நகர்வது: பம்பு, குழாய், கலக்கல், வண்டல் படிதல், வடிகட்டல். வெப்பம் நகர்வது: சூடாக்கல், குளிர்வித்தல், கொதிப்பு ஆவியாக்கம், ஐஸ் கட்டுதல். பொருள் நகர்வது: காய்ச்சி வடித்தல், உறிஞ்சல், கரைத்தெடுத்தல், படிகமாக்கம், உலர்த்தல், சவ்வுப் பிரிப்பு. திடப்பொருளை நொறுக்குவது, சலிப்பது, கொண்டுசெல்வது எல்லாம் நான்காவதாக இயந்திரவியல் வகையில் நிற்கும்; வடிதல், வடிகட்டல் போன்றவற்றையும் இயந்திரவியல் பிரிப்பு என்று சொல்வது உண்டு. தேர்வுக்கு இது போதும். வேலைக்கு நான் இதைவிட மதிப்பது, எந்தப் பொருள்நிலைகள் தொட்டுக்கொள்கின்றன என்று பார்க்கும் பிரிவை: திரவம்–வாயு, திடம்–திரவம், திடம்–வாயு, திரவம்–திரவம். ஏனென்றால் கருவியின் வடிவத்தை முடிவு செய்வது அதுதான். உலர்த்தலும் ஈரப்பதமூட்டலும் முதல் பட்டியலில் பொருளும் வெப்பமும் என்று இரண்டு குடும்பத்திலும் கால் வைத்து நிற்கும். பொருள்நிலைகளை வைத்துப் பிரித்தால் அவற்றுக்குத் தெளிவான இடம் கிடைத்துவிடும்.

இந்த ஒழுங்கெல்லாம் ஒரே நாளில் வந்ததல்ல. 1880களின் இறுதியில் மான்செஸ்டரில் ஜார்ஜ் டேவிஸ் தொழில் வாரியாக அல்லாமல் செயல் வாரியாகப் பாடம் நடத்தினார். 1915இல் ஆர்தர் டி. லிட்டில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு எழுதிய அறிக்கையில், எந்த வேதித் தொழிலையும் அலகுச் செயல்களின் (இன்றைய யூனிட் ஆபரேஷன்களின்) வரிசையாகப் பிரிக்கலாம் என்றார். அவர் கொடுத்த பட்டியலில் பொடித்தல், கலத்தல், வடிகட்டல், படிகமாக்கல் ஆகியவற்றோடு வறுத்தலும் மின்பகுப்பும் இருந்தன. இந்தக் கடைசி இரண்டிலும் மூலக்கூறு மாறுகிறது. இன்று அவற்றை வினை என்று தனியே வைக்கிறோம். எல்லைக்கோடு தொடக்கத்திலேயே மங்கலாகத்தான் இருந்தது. உங்களுக்குக் குழப்பம் வருவது உங்கள் குறையல்ல.

அந்த மங்கல் நம் பாசியில் நன்றாகத் தெரியும். மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கூழாகக் கட்டும் அகர் எடுப்பதைப் பாருங்கள். கழுவி, ஊறவைத்து, கொதிநீரில் வேகவைக்கிறார்கள். அகர் திடத்திலிருந்து நீருக்குள் கரைந்து வருகிறது, மூலக்கூறு மாறவில்லை. இது சுத்தமான கரைத்தெடுத்தல். சூட்டோடு வடிகட்ட வேண்டும், ஏனென்றால் கரைசல் 40 டிகிரி செல்சியஸ் பக்கம் இறங்கினால் துணியிலேயே கட்டிக்கொள்ளும். கட்டியதை மறுபடி உருக்க 85 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். கஞ்சிப்பாசி என்ற வேறு பாசி என்றால் இதற்கு முன் காரத்தில் வேகவைப்பது உண்டு. பார்க்க ஊறல் போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே சல்பேட் தொகுதி கழன்று சர்க்கரை அலகின் அமைப்பே மாறுகிறது, கூழின் உறுதி கூடுகிறது. அது வேதிவினை. கட்டத்துக்கு ‘கார வினையூட்டல்’ என்று பெயர் கொடுங்கள். அதைத் தொடர்ந்து வரும் கொதிநீர்க் கட்டத்துக்கு மட்டும் ‘கரைத்தெடுத்தல்’.

கட்டக்கோரை என்ற பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள் எடுப்பது இன்னும் சிக்கல். பாசிக்குள் ஆல்ஜினேட் பெரும்பாலும் கால்சியத்தோடு பிணைந்து, கரையாமல் கிடக்கிறது. சோடியம் கார்பனேட் (சோடா) கரைசலில் போட்டால் கால்சியம் போய்ச் சோடியம் உட்கார்கிறது, பிறகு கரைகிறது. அயனி மாற்றமும் கரைதலும் ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில். ‘வினையுடன் கூடிய கரைத்தெடுத்தல்’ என்பதே நேர்மையான பெயர். வெறும் கரைத்தெடுத்தல் என்று எழுதினால், சோடா ஏன் இத்தனை கிலோ வேண்டும் என்ற கேள்விக்கு அறிக்கையில் பதில் இருக்காது. கரைப்பானின் அளவைக் கரைதிறன் முடிவு செய்யும், வினைபொருளின் அளவை அயனிக் கணக்கு முடிவு செய்யும்.

அகர் கூழிலிருந்து தண்ணீரை எடுக்கும் முறையைத் தனியாகக் கவனியுங்கள், அழகான கட்டம் அது. கூழில் அகர் ஒன்று, ஒன்றரை சதவீதம்தான், மீதி தண்ணீர். நேரே காயவைத்தால் அத்தனையும் ஆவியாக வேண்டும், நிறமும் கரைந்த உப்பும் சரக்கிலேயே தங்கும். அதற்குப் பதில் மெதுவாக உறையவைக்கிறார்கள். பனிப் படிகங்கள் வளர்ந்து அகர் வலையை ஓரமாகத் தள்ளுகின்றன. உருகும்போது வலை பழையபடி நீரைப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. பெரும்பகுதி நீர் அழுக்கோடு ஓடிவிடுகிறது. தண்ணீரை உறையவைக்கக் கிலோவுக்கு 334 கிலோஜூல் வெளியேற்றினால் போதும். ஆவியாக்கத்தில் ஆகும் செலவில் ஏழில் ஒரு பங்கு. இதைப் ‘படிகமாக்கம்’ என்று எழுதக்கூடாது, பனி நமக்குச் சரக்கல்ல. உறைபனி உலர்த்தல் என்றும் எழுதக்கூடாது, பனி இங்கே நேரே ஆவியாவதில்லை. ‘உறைய வைத்து உருக்கி நீர் நீக்கல்’ என்று விரித்தே எழுதுங்கள். பெயர் நீளமாக இருப்பதால் தப்பில்லை. வேகமாக உறையவைத்தால் படிகங்கள் சிறுத்து, வலை உடையாமல் நீரைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கட்டம் கெடுவது பெரும்பாலும் இதனால்தான்.

கடலில் கயிற்றில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியை அரைத்துச் சாறு எடுத்து உரமாக்குவது வேறு. அரைத்தல், பிழிதல், வடிகட்டல், மூன்றுமே இயந்திரவியல். சாறு வருகிறதே என்று கரைத்தெடுத்தல் பக்கம் போகாதீர்கள், வெளியிலிருந்து கரைப்பான் எதுவும் சேரவில்லை. சக்கையில் மிஞ்சும் காராஜீனன் என்ற கூழ்ப்பொருள் தனிக் கதை.

கருவாடு பற்றி ஒரு வார்த்தை. உப்பில் போடும்போது மீனுக்குள் உப்பு போகிறது, மீனிலிருந்து நீர் வெளியே வருகிறது; எதிரெதிர் திசையில் இரண்டு பரவல். அதற்கு ‘உப்பேற்றல்’ என்ற பெயரே போதும். வெயிலில் போட்ட பிறகுதான் உலர்த்தல். முதலில் பரப்பு ஈரம் ஒரே வேகத்தில் போகும், பிறகு உள்ளிருக்கும் நீர் மேலே வரும் வேகமே எல்லை. தொடக்கத்திலேயே வெயிலும் காற்றும் மிஞ்சினால் மேல்பரப்பு இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டு அழுகும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆர்.ஓ. (எதிர் சவ்வூடுபரவல்) முறையை வடிகட்டலில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கூடாது. மணல் வடிகட்டியில் துகள் துளையில் சிக்குகிறது. ஆர்.ஓ. சவ்வில் நீர் மூலக்கூறு சவ்வுப்பொருளுக்குள் கரைந்து பரவிக் கடக்கிறது. தள்ளுவிசை முழு அழுத்தமும் அல்ல. அழுத்தத்திலிருந்து சவ்வூடுபரவல் அழுத்தத்தைக் கழித்தது. கடல்நீருக்கு அது ஏறக்குறைய 25 பார். பம்பு 55, 60 பார் கொடுத்தாலும் வேலை செய்வது மிச்சம்தான். நீர் செறிய செறிய அந்த 25 ஏறும், மிச்சம் சுருங்கும். அதனால்தான் உள்ளே போகும் கடல்நீரில் பாதிகூட நல்ல தண்ணீராக வருவதில்லை. ஆர்.ஓ.வுக்கு முன்னால் நிற்கும் மணல் வடிகட்டியும் கார்ட்ரிட்ஜும்தான் வடிகட்டல். இரண்டையும் ஒரே கட்டத்தில் வரையாதீர்கள்.

படம் வரையும்போது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆபரேஷனின் பெயரை எழுதுங்கள். கருவியின் பெயரைக் கட்டத்துக்குக் கீழே சிறியதாக. உள்ளே வரும் கோட்டிலும் வெளியே போகும் கோட்டிலும் திடமா திரவமா ஆவியா என்று குறியுங்கள். உப்பளத்தில் ஆவியாகப் போகும் நீருக்கும், 30 டிகிரியில் வெளியே விடும் கசப்பு நீருக்கும் கோடு போட மறந்தால் பொருள் சமநிலைக் கணக்கு ஒருபோதும் சேராது. அயோடின் கட்டத்தையும் விடாதீர்கள். உப்பில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு, அதாவது டன்னுக்கு 30 கிராம், அயோடின் ஏற வேண்டுமென்றால் பொட்டாசியம் அயோடேட் 50 கிராம் அளவே போதும், அதில் அயோடின் 59 சதவீதம் என்பதால். இதை நீரில் கரைத்து ஓடும் உப்பின் மேல் தெளிக்கிறார்கள். வினை எதுவும் இல்லை, பெயர் ‘கலத்தல்’. 50 கிராம் ஒரு டன்னில் சீராகப் பரவ வேண்டிய கலத்தல் என்பதால், மாதிரியை எங்கே, எத்தனை இடத்தில் எடுத்தீர்கள் என்று அந்தக் கட்டத்தின் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.